அவர் பார்க்காத சூரியன்

எங்கள் ஊர் வானியல் சங்கத்தின் செயலாளர் பொய்யை அச்சடித்திருக்கிறார். சங்கத்தின் விழா மலரில், என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு அம்மாவின் பெயரைப் போட்டு, அவர் சூரியனையே பார்க்காத நாட்களில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார், என்னைவிட மரியாதையாகவும் கேட்டிருப்பார். இல்லாததால் நான் கேட்கிறேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று யாருக்கும் புரியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் எனக்குக் கிரைண்டர் பட்டறை. கீழே பட்டறை, நடுவில் நாங்கள், மேலே வாடகைக்கு ஒரு வீடு. தாராபுரம் பக்கத்திலிருந்து அந்த அம்மா தனி ஆளாகக் குடிவந்தார். பஞ்சு பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. வந்திறங்கிய சாமான்களில், போர்வை சுற்றிய நீளமான குழாய் ஒன்று இருந்தது.

“ஏனுங்க, அது என்னங்க பீரங்கியா?” என்றேன்.

“டெலஸ்கோப்புங்க. சூரியனைப் பார்க்கறதுக்கு.”

“சூரியன் சும்மாவே தெரியுதுங்களே?”

“அதுல இருக்கற புள்ளி தெரியாதுங்களே” என்று சொல்லிவிட்டு, குழாயைக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு படியேறினார்.

சூரியன் மேல் கரும்புள்ளிகள் வரும், போகும். சில வருடம் நிறைய இருக்கும், சில வருடம் துடைத்துவிட்டது போல் இருக்கும். உலகம் முழுக்க அதை எண்ணுகிறார்கள். நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்பதால், டெலஸ்கோப் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து, அதில் தெரியும் புள்ளிகளை எண்ணுவார்கள். காலை நேரத்தில் எங்கள் மொட்டை மாடியில் இந்த அம்மாவும் எண்ணுவார். அட்டையைப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை நான்தான் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். அதனால் எனக்கும் மாடிக்குப் போய் வரும் உரிமை இருந்தது.

எண்ணுவது பெரிய காரியம் இல்லை. ஒப்பிடுவதுதான் காரியம். ஒரே நாள், ஒரே சூரியன். ஆனால் மலைமேல் இருக்கும் பெரிய ஆய்வகம் ஒரு எண் சொல்லும், வெளிநாட்டு ஆய்வகம் வேறு எண் சொல்லும், எங்கள் மாடி இன்னொன்று சொல்லும். எதை நம்புவது? அந்த அம்மாவின் வாழ்க்கையே இந்தக் கேள்விதான். ஆபீசிலும் அவருக்கு அதே வேலை. ஒரே மூட்டைப் பஞ்சை வெவ்வேறு கூடங்களுக்கு அனுப்பினால் ஒவ்வொரு கூடமும் இழைக்கு ஒரு நீளம் சொல்லும். மில்காரர்கள் அடித்துக்கொள்வார்கள்.

“யாருங்க பொய் சொல்றது?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அப்படிக் கேட்டா சண்டைதானுங்க வரும். எதுல அளந்தீங்க, எப்ப அளந்தீங்க, யாரு அளந்ததுன்னு கேட்டா பதில் வரும்.”

இந்த அம்மாவிடம் ஒரு குணம் உண்டு. அந்த ஒரு குணத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தான் பார்க்காததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இல்லை என்றும் சொல்லமாட்டார், உண்டு என்றும் சொல்லமாட்டார். “பார்க்கலீங்க” என்பார். அதோடு சரி.

என் அக்கா மகனுக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் தெருவில் விசாரிக்க வந்துவிட்டார்கள். பையன் எங்கள் பட்டறையில்தான் வேலை செய்தான். அவர்கள் நேராக மாடியேறி அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

“பையன் தண்ணி கிண்ணி போடுவானுங்களா?”

“நான் பார்த்ததில்லீங்க.”

“வேற கெட்ட பழக்கம்?”

“அதுவும் பார்த்ததில்லீங்க.”

“குணம் எப்படிங்க?”

“படியில பார்த்தா வணக்கம் சொல்லுவானுங்க. மத்தது நான் பார்க்கலீங்க.”

போயிற்று. ‘மாடிவீட்டு அம்மா எதையோ மறைக்கிறது’ என்று அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். என் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் மாடிக்கு ஓடினேன்.

“ஏனுங்க, நல்ல பையன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போகுது?”

“நல்ல பையன்தானுங்க போல. ஆனா நான் இருக்கறது மாடியில. அவன் இருக்கறது கீழ. ராத்திரி அவன் எங்க போறான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பார்க்காததைச் சொல்லி ஒரு பொண்ணைக் கட்டிக்குடுக்க வெக்கறதுங்களா?”

ஆனாலும் அந்தக் கல்யாணம் நடந்தது. பெண்ணின் அப்பா பிறகு என்னிடம் சொன்னார், “மத்த வீட்டுல எல்லாம் பையன் தங்கம்னாங்க. தங்கம்னு சொன்னவங்களைத்தான் நான் நம்பலை. அந்தம்மா ஒருத்தருதான் தெரிஞ்சதை மட்டும் சொன்னாங்க.” இதை மாடிவீட்டு அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என்னைக் கொஞ்சமா பாடுபடுத்தினார்?

சூரியனிலும் இதே பிடிவாதம்தான். புள்ளியே இல்லாத நாளுக்கு அவர் பூஜ்யம் போடுவார். மேகம் மறைத்த நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடுவார். இரண்டும் ஒன்றுதானே என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

“எப்படிங்க ஒண்ணாகும்? பூஜ்யம்னா நல்லாப் பார்த்தேன், இல்லைன்னு அர்த்தம். காலின்னா நான் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம். பழைய காலத்துல சிலரு பார்க்காத நாளுக்கெல்லாம் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு, சூரியன் தூங்கிருச்சுன்னு எழுதி வெச்சுட்டாங்க. தூங்குனது சூரியனில்லீங்க.”

பூஜ்யம் போடும் நாளில்தான் அவர் மாடியில் அதிக நேரம் நிற்பார். அட்டையை நகர்த்துவார், குழாயைத் துடைப்பார், மறுபடி பார்ப்பார். கடைசியில் கீழே எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவார், “இன்னிக்குச் சுத்தமா ஒண்ணுமில்லீங்க! நல்லாப் பார்த்துட்டேன்!” தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒன்றுமில்லை என்பதை இத்தனை சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவரோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர் எண்ணினார்கள். இருவரும் வானியல் சங்கத்து ஆட்கள்தான். அன்னூரில் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், நடுவயது. மூன்று பேரும் வாட்ஸாப் குழுவில் அன்றன்றைய எண்ணிக்கையைப் போடுவார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். செயலாளரும் இருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர்க்காரரின் எண்ணிக்கை எப்போதும் எக்கச்சக்கமாக இருக்கும். மாடிவீட்டு அம்மா அவர் அனுப்பிய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் புள்ளிகள் தினமும் கொஞ்சம் நகர வேண்டும். சோமனூர்ச் சூரியனில் சில புள்ளிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. என் வேனிலேயே கிளம்பிப் போனோம். டெலஸ்கோப் தறிக்கூடத்தின் மேலே இருந்தது. கீழே தறி ஓட ஓடப் பஞ்சு பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கண்ணாடியைத் திருகினார். புள்ளியும் கூடவே திரும்பியது.

“உங்க சூரியன்ல மட்டும் பஞ்சு வெடிக்குதுங்க” என்றார்.

தறிக்காரர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் கண்ணாடியைத் துடைத்த பிறகும் அவர் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் எண்ணினார். அவர் கண் அப்படி. பொடிப் புள்ளியையும் விடமாட்டார். அன்னூர்ப் பெரியவர் கண் வேறு மாதிரி. பெரிதாக ஏதாவது இருந்தால்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். அதனால் ஒவ்வொருவரின் எண்ணையும் மலை ஆய்வகத்து எண்ணோடு பலநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆளுக்கு ஒரு பெருக்கும் எண்ணைக் கண்டுபிடித்தார் அந்த அம்மா. அன்னூர்க்காரர் சொல்வதை ஒன்றேகாலால் பெருக்க வேண்டும். சோமனூர்க்காரர் சொல்வதை முக்காலால் பெருக்க வேண்டும். பெருக்கினால் எல்லாம் ஒரு மட்டத்துக்கு வரும்.

இதைக் குழுவில் போட்டதுதான் தாமதம், சோமனூரிலிருந்து போன் வந்தது.

“ஏனுங்க்கா, நான் முக்கால்தானுங்களா? அவரு ஒண்ணேகாலா? அவருதானுங்க கொறச்சலா எண்றாரு! நான் கண்ணு வலிக்க வலிக்க எண்றேன்!”

“அது மார்க்கு இல்லீங்க தம்பி.”

“மார்க்கு இல்லைன்னா எனக்கும் ஒண்ணேகால் போட்டுடுங்களேன்!”

அந்த வாரம் முழுக்க நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு விருந்தில் அன்னூர்க்காரரும் சோமனூர்க்காரரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் தாங்கள் மாமன் மச்சான் முறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ‘மாமா’, இவர் ‘மாப்ள’. கொஞ்ச நாளில் அதிசயம் ஒன்று நடந்தது. இருவரின் எண்ணும் நெருங்கி வந்தது. பிறகு ஒட்டிக்கொண்டது. செயலாளர் குழுவில் கைதட்டும் படம் போட்டார். மாடிவீட்டு அம்மா மட்டும் கைதட்டவில்லை.

“ரெண்டு கண்ணு இப்படி ஒத்துப்போகாதுங்க. ஒரு ஆளோட ரெண்டு கண்ணே ஒத்துப்போகாது” என்றார் என்னிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அன்னூரில் மழை கொட்டியது. என் சகலை அங்கேதான் இருக்கிறார், போனில் சொன்னார். அன்றைக்கும் அன்னூர்க்காரரிடமிருந்து எண் வந்தது, சோமனூர் எண்ணைப் போலவே. அந்த ஞாயிற்றுக்கிழமை அன்னூர்த் தோட்டத்தில் கிடா விருந்து. எங்களையும் அழைத்திருந்தார்கள், போனோம். சோமனூர் மாப்பிள்ளை பரிமாறிக்கொண்டிருந்தார்.

இலையில் உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டார், “ஏனுங்கண்ணா, செவ்வாய்க்கிழமை இங்க மழைங்களா?”

“செம மழைங்க அம்மணி! நெலக்கடலைக்கு நல்ல ஈரம்.”

“அப்புறம் புள்ளியை எப்படிங்க எண்ணுனீங்க?”

பெரியவர் கையில் எடுத்த எலும்பை இலையில் வைத்துவிட்டார். கறி வாளியோடு நின்ற மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார்.

“நாந்தானுங்க்கா மாமாவுக்குச் சொன்னேன். நான் போட்டு, மாமா காலியா உட்டா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? பெரியவரு. மருவாதையா இருக்காதுங்களே.”

“மழை இல்லாத நாள்ல?”

பெரியவர் இப்போது பேசினார். “மாப்ள ஃபோன் போட்டு ‘மாமா எத்தன?’ன்னு கேக்கும். நான் கொறச்சலாச் சொன்னா அதும் கொறச்சுக்கும். மாப்ளைய எதுக்குக் கொறைக்க வெக்கோணும்னு நானும் ஒண்ணு ரெண்டு ஏத்திச் சொல்லிப்போடுவனுங்க.”

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். புரையேறியது. தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

“மேகத்துக்குக் கணக்குப் பண்ணிட்டேன். தூசிக்குப் பண்ணிட்டேன். பஞ்சுக்குக்கூடப் பண்ணிட்டேன். இந்த மருவாதைக்கு நான் என்னங்க கணக்குப் பண்றது?”

சிரித்தாரே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னார்கள். அன்றிலிருந்து இருவரின் எண்களையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைத்தார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. “பாதி நாள் நெசமாத்தானுங்க எண்ணுனேன்!”

“எது நெசம், எது மருவாதைன்னு எனக்குத் தெரியாதுங்களே தம்பி. போகட்டும், காலியா இருக்கட்டும். அண்ணா, நீங்க எப்பவும் போலக் கொறச்சலாவே எண்ணுங்க. எனக்கு உங்க கண்ணு அப்படியே வேணும். தம்பி, நீங்க அதிகமாவே எண்ணுங்க. குழுவுல போடறவரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்காதீங்க. போட்டதுக்கு அப்புறம் பேசுங்க, கிடா வெட்டுங்க, என்னையும் கூப்புடுங்க.”

அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். ‘உன் எண்ணைக் குப்பையில் போடுகிறேன்’ என்று ஒருவரின் சொந்தத் தோட்டத்தில், அவர் போட்ட இலையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, இரண்டாம் முறை குழம்பும் வாங்கிச் சாப்பிட வேறு யாரால் முடியும்? பெரியவர் எங்களை வண்டிவரை வந்து வழியனுப்பினார். ஒரு பை முருங்கைக்காயும் வைத்தார்.

இப்போது செயலாளருக்கு வருகிறேன். மனிதர் உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. கிரகணம் என்றால் பள்ளிப் பிள்ளைகளை பஸ் வைத்துக் கூட்டிவந்து காட்டுவார். அவருடைய ஒரே நோய், எல்லாம் நிறைவாகத் தெரிய வேண்டும். காலி நாற்காலியைக் கண்டாலே பொறுக்கமாட்டார். விழா மலர் பேச்சு எழுந்தபோது எங்கள் மாடிக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“மேடம், உங்க வேலைதாங்க மலருக்கே மகுடம். ஆனா நடுவுல இவ்ளோ காலியா இருக்குதுங்களே? ஆடி மாசம் பாதிக்கு மேல காலி. பாக்கறவங்க என்னங்க நெனைப்பாங்க?”

“மேகம்னு நெனைப்பாங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இந்தப் பக்கம் மேகத்தைத் தள்ளிட்டு வர்ற மாசம்தானுங்க அது.”

“மலை ஆய்வகத்துல அன்னிக்குப் பார்த்திருக்காங்களே, அந்த எண்ணை எடுத்து இங்க ரொப்பிக்கலாமுங்களே?”

“அது அவங்க பார்த்த சூரியனுங்க. அதுக்குப் பக்கத்துல நாம பார்த்ததை வெக்கறதுதான் இந்த வேலையே. ரெண்டு பக்கமும் அவங்களோடதையே வெச்சுட்டா எதை எதோடங்க ஒப்பிடறது?”

செயலாளர் ‘சரிங்க, சரிங்க’ என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சில மாதம் கழித்து, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அந்த அம்மா இறந்துபோனார். அன்னூர்ப் பெரியவரும் சோமனூர் மாப்பிள்ளையும் தாராபுரம் வரை வந்தார்கள். வழி நெடுக மாப்பிள்ளை முக்கால் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகத்தான் இருந்தன.

சமீபத்தில் மலர் வெளியானது. பளபளப்பான தாள். அந்த அம்மாவின் படம். நான் ஆடி மாதத்தைப் புரட்டினேன். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. கோயம்புத்தூரில் ஆடி முழுக்கச் சூரியன் ஜொலித்திருக்கிறது! ஒதுக்கிவைத்த மரியாதை எண்களும் திரும்ப வந்திருக்கின்றன. ஒன்றேகாலும் முக்காலும் காணோம். எல்லோருக்கும் பெருக்கும் எண் ஒன்று, அதற்கேற்ப எண்களையும் திருத்தியிருக்கிறார்கள். மூன்று பேரும் மலை ஆய்வகத்தோடு அப்படியே ஒத்துப்போகிறார்கள்.

செயலாளருக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, அந்தம்மாவுக்குப் பெருமை சேரட்டும்னுதானுங்க பண்ணுனோம்.”

“அவங்க வேண்டாம்னு என் முன்னாலதானே சொன்னாங்க?”

“காலியா விட்டா அவங்க ஒழுங்கா வேலை செய்யலைன்னு நெனைப்பாங்கண்ணா. அதுவுமில்லாம, இதையெல்லாம் யாருங்க உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கப்போறாங்க?”

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வாழ்ந்த ஒருவரின் புத்தகத்தைப் பற்றி, யார் ஒப்பிடப் போகிறார்கள் என்கிறார்! நான் சொல்கிறேன், ஒப்பிடுவார்கள். எங்கோ ஒரு ஊரில் அந்த அம்மாவைப் போலவே ஒரு பிடிவாதக்காரர் இருப்பார். அவர் நம் மலரையும் மலை ஆய்வகத்து எண்களையும் பக்கத்தில் வைப்பார். எண்ணுக்கு எண் அச்சு அசலாக இருப்பதைப் பார்ப்பார். இப்படி இரண்டு கண்கள் ஒத்துப்போகாது என்று அவருக்கும் தெரியும். கோயம்புத்தூர்க்காரி எதையும் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறாள் என்று தள்ளிவிடுவார். மழை இல்லாத ஒவ்வொரு காலையிலும் அவர் நிஜமாகவே நின்று எண்ணியதெல்லாம் அதோடு சேர்ந்து போகும். இதுதான் நீங்கள் சேர்த்த பெருமை.

செயலாளரே, பழைய எண்கள் எங்கும் போய்விடவில்லை. வாட்ஸாப் குழுவில் இருக்கின்றன. என் போனில், அன்னூரில், சோமனூரில், உங்கள் போனிலும்தான். மலரின் அந்தப் பக்கங்களைத் திரும்பப் பெற்று, காலியைக் காலியாகவே அச்சடியுங்கள். அதற்கு முன்னால், வருகிற பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எல்லோர் எதிரிலும் பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், எடுக்கமாட்டேன். பெரியவரும் மாப்பிள்ளையும் வருகிறார்கள், நானும் வருகிறேன், முன் வரிசையில் உட்காருவோம். எல்லா நாளையும் கேட்கவில்லை, ஒரே ஒரு நாளைச் சொன்னால் போதும். நொய்யலில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதே, பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை விட்டார்களே, அந்த நாளுக்கு எதிரில் அந்த அம்மாவின் பெயரில் நான்கு கூட்டம் புள்ளிகள் என்று அச்சடித்திருக்கிறீர்கள். அன்றைக்கு என் வீட்டு மாடியில் நின்று சூரியனைப் பார்த்தது யார்?